காலடியில் ஒரு கறுப்பு வட்டு

கிருபாஷினிக்கு அந்த வீட்டில் எல்லாவற்றின் மேலும் சந்தேகம். சுவரோடு நின்ற இரும்புப் பெட்டி நெருப்பே இல்லாமல் சுட்டது. அதன் மேல் சந்தேகம். பின்னேரம் நாலு மணிக்கே வானம் இருட்டியது. அதன் மேலும் சந்தேகம். ஆனால் இவையெல்லாம் சில்லறைச் சந்தேகங்கள். பெரிய சந்தேகம், தன்னை அவளுடைய அப்பா என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டில் இருந்த மனிதர் மேல்தான்.

அவர் பெயர் நேசரட்ணம். டென்மார்க்கில் பிராண்டே என்ற சின்ன ஊரில், காற்றாலைகளுக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கிருபா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அவர் வன்னியை விட்டு வந்தவர். குடும்பத்தைக் கூப்பிட அவருக்கு இங்கே அனுமதி கிடைத்தபோது அங்கே திரும்பவும் போர் மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். அம்மாவும் கிருபாவும் ஊர் ஊராக ஓடினார்கள். போர் முடிந்து, முகாமில் இருந்து, பிறகு கொழும்புக்கு வந்து, விமானம் ஏறி அவர்கள் இங்கே வந்து சேர்ந்தபோது கிருபாவுக்குப் பத்து வயதாகிவிட்டது. போர் முடிந்த பிறகு வந்த முதல் குளிர்காலம் அது.

அப்பாவைக் கிருபாவுக்கு ஒரு படத்தில்தான் தெரியும். படத்தில் இருந்தவருக்குத் தடித்த மீசையும் அடர்ந்த தலைமுடியும் இருந்தன. ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமான நிலையத்தில் வந்து நின்றவருக்கோ மீசை இல்லை, தலையில் பாதி வழுக்கை. சைக்கிளைக்கூடக் காணவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் கையில் இருந்த சொக்லேட் பெட்டி. அம்மா முகாமில் வைத்து எத்தனை தரம் சொல்லியிருப்பாள். யாராவது வந்து, நான் உன் மாமா, நான் உன் சித்தப்பா என்று சொல்லி இனிப்பு நீட்டினால் நம்பிப் போகக்கூடாது என்று. இப்போது ஒருவர் வந்து, நான் உன் அப்பா என்று சொல்லி இனிப்பு நீட்டுகிறார். அம்மாவோ சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கிருபா தானே விசாரணையை ஆரம்பித்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, எங்கள் வீட்டு நாயின் பெயர் என்ன என்று கேட்டாள். அவர் நன்றாக யோசித்துவிட்டு, கறுப்பன் என்றார். நாயின் பெயர் ரோசி. அவர் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு வந்த நாய் அது, அவருக்கு எப்படித் தெரியும் என்று அம்மா குறுக்கே விழுந்தாள். கிருபா அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிழை என்றால் பிழைதான்.

அதனால் அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிடாமல் சமாளிப்பதில் அவள் பெரிய கெட்டிக்காரியாகிவிட்டாள். "சாப்பிட வரட்டாம்," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவர் அறைக்குள் இருந்தால் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். ஒரு நாள் காலை அவர் தொலைபேசியை மறந்துவிட்டுக் காரை எடுத்தார். வாசலில் நின்று ஒரு சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும். கிருபா வெறுங்காலோடு பனியில் ஓடிப்போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினாள். அந்தச் சொல்லைவிடப் பனி அவளுக்குச் சுலபமாக இருந்தது.

பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒரு பயம் இருந்தது. பிழையான ஆளை அப்பா என்று கூப்பிட்டுவிட்டால், உண்மையான அப்பா ஒரு நாள் மீசையோடும் சைக்கிளோடும் வந்து வாசலில் நிற்கும்போது அவருக்குக் கொடுக்க அவளிடம் என்ன மிச்சமிருக்கும்?

நேசரட்ணம் அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் அவள் வாயைத் திறக்கும் நேரமெல்லாம் அவர் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு வந்து போகும். அதைப் பார்க்கக் கிருபாவுக்குப் பாவமாகவும் இருந்தது. பாவமாக இருப்பதுகூட ஒரு தந்திரமாக இருக்கலாம் என்று அவள் தன்னை எச்சரித்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை அவர் இரண்டு நுழைவுச்சீட்டுகளோடு வந்தார். பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஐஸ் ஹொக்கி ஆட்டமாம். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் தோர்பன் என்பவர் சும்மா கொடுத்தாராம்.

சும்மாவா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கிருபா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தடிமன். மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "போட்டு வா, பிள்ளை. அந்த மனுசன் எவ்வளவு ஆசையா வந்து கேக்குது."

கிருபா போகச் சம்மதித்தாள். அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் இவருடைய குட்டு வெளிப்பட வசதி என்பது அவள் கணக்கு. சிவப்புக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, முன்னெச்சரிக்கையாகப் பைக்குள் ஒரு துண்டுப் பாணும் கொஞ்ச டொபியும் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கார் ஓடும்போது அவர், குளிருகிறதா, பசிக்கிறதா, பாட்டுப் போடவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கிருபா தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். கடைசியில், அங்கே என்னதான் விளையாடுவார்கள் என்று மட்டும் கேட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"எங்கட ஊர் ஹொக்கி மாதிரித்தான், பிள்ளை. தடி இருக்கு, கோல் இருக்கு, பந்து மாதிரி ஒண்டு இருக்கு. ஓடுறதுக்குப் பதிலா ஐஸில வழுக்கிக்கொண்டு போவினம். அவ்வளவுதான்."

மண்டப வாசலில் ஒரு பெரிய ஆள் நின்று சீட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். கிருபாவுக்கு இது பழகிய விஷயம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்கு நித்திரையிலும் தெரியும். வரிசையில் நின்றாள், பையைத் திறந்தாள், அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அந்த ஆள் பைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு டொபியை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு, டேனிஷ் மொழியில் நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டைக் கிழிக்கப் போய்விட்டார். வேறு யாருடைய பையையும் அவர் பார்க்கவே இல்லை. டொபிக்காகத்தான் இந்த ஆளை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கிருபா முடிவு செய்தாள்.

உள்ளே போனால் அதைவிட விசித்திரம். சனங்கள் ஜக்கெட்டையும் கைப்பையையும் கதிரையில் போட்டுவிட்டுத் தின்பண்டம் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் காவல் இல்லை. ஆள் இல்லாத பையைக் கண்டால் பத்தடி தள்ளிப் போக வேண்டும் என்று கூடவா இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை? கிருபா ஒவ்வொரு பையையும் சுற்றி வளைந்து நடந்தாள். அவள் எப்படி வளைந்தாளோ அப்படியே நேசரட்ணமும் பின்னால் வளைந்து வந்தார். அதை அவள் கவனித்தாள், ஆனால் காரணம் யோசிக்க நேரமில்லை.

ஏனென்றால் தோர்பன் கையை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றார். சிவந்த கன்னமும் நீலக் கழுத்துச் சால்வையுமாக இருந்த தோர்பன் வாய் நிறையச் சிரித்தார். அவருடைய மகன் மால்டே, ஆறு வயதுப் பொடியன், கிருபாவின் அடுத்த கதிரையில் இருந்து காலாட்டிக்கொண்டிருந்தான். உன் பெயர் என்ன, என்ன வயது, எங்கே படிக்கிறாய் என்று தோர்பன் கேட்டார். நேசரட்ணம் மொழிபெயர்த்தார்.

கிருபா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். முகாமில் கொப்பியும் பேனையுமாக வந்தவர்களும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டார்கள். நேசரட்ணம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தோர்பனிடம் ஏதோ சொன்னார். தோர்பன் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார். சிவப்புத் தோல் போட்ட நீளமான சொசேச் பாணுக்குள் வைத்து வந்தது. நேசரட்ணம் முதலில் தன்னுடையதைக் கடித்தார். அதற்குப் பிறகுதான் கிருபா தன்னுடையதைத் தொட்டாள்.

திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது.

கூரையிலிருந்து ஒரு பெரிய ஊதல் சத்தம் வந்தது. வயிற்றுக்குள்ளே அதிர்ந்தது. புகை வந்தது. கிருபா எப்படிக் கதிரைக்குக் கீழே போனாள் என்று அவளுக்கே தெரியாது. மறுபடி வெளிச்சம் வந்தபோது நேசரட்ணமும் அவளுக்கு எதிரே நிலத்தில் குந்தியிருந்தார்.

"நான் முதலே சொல்லியிருக்கோணும்," என்றார் அவர். "விளையாட வாற ஆக்களை அப்பிடித்தான் கூப்பிடுவினம். கோல் போட்டாலும் ஊதும். வீட்டை போவமோ?"

கிருபா மால்டேயைப் பார்த்தாள். ஆறு வயதுப் பொடியன் கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் இருக்கும்போது தான் போவதா? அவள் கதிரையில் ஏறி இருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. பெரிய பெரிய ஆட்கள், மேலெல்லாம் பஞ்சு கட்டி, முகத்துக்குக் கூடு போட்டு, காலில் கத்தி கட்டிக்கொண்டு வந்தார்கள். நீலச் சட்டைக்காரர் ஹேர்னிங் அணி, வெள்ளைச் சட்டைக்காரர் வெளியூர். எல்லோரும் தடியால் எதையோ அடித்தார்கள். எதை அடிக்கிறார்கள் என்பதுதான் கிருபாவுக்குத் தெரியவில்லை. பந்து எங்கே என்று அவள் கண் வலிக்கத் தேடினாள். மூலையில் இல்லை, நடுவில் இல்லை. சனம் முழுக்கத் தலையை இந்தப் பக்கம் திருப்பியது, பிறகு அந்தப் பக்கம் திருப்பியது. பந்தே இல்லாமல் இவ்வளவு சனத்தையும் ஏமாற்றுகிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு நீலச் சட்டைக்காரரை இடித்துச் சுவரோடு தள்ளினார். விசில் ஊதியது. இடித்தவர் தலையைக் குனிந்துகொண்டு தானாகவே போய் ஓரத்தில் இருந்த ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்தார். குற்றம் செய்தவர் அங்கே கொஞ்ச நேரம் இருக்க வேண்டுமாம்.

"அதுக்குப் பூட்டு இல்லையோ?" என்று கிருபா கேட்டாள்.

இல்லை என்றார் நேசரட்ணம். நேரம் முடிந்ததும் அவரே கதவைத் திறந்துகொண்டு வருவாராம். ஓட மாட்டாரா என்று கிருபா கேட்டாள். இதுவரை யாரும் ஓடியதில்லையாம். கிருபா அந்தக் கூட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டாள். அவர் ஓடினால் முதலில் காண்பது தானாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

கூட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது எங்கிருந்து வந்தது என்று அவள் காணவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சனம் அண்ணாந்து பார்த்தது. கண்ணாடித் தடுப்புக்கு மேலால் எதுவோ பறந்து வந்து, பின் வரிசைக் கதிரையில் மோதி, படியில் உருண்டு, நேசரட்ணத்தின் இரண்டு சப்பாத்துகளுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது.

கிருபா குனிந்து பார்த்தாள்.

அது உள்ளங்கை அளவு இருந்தது. வட்டம், தட்டை, கறுப்பு.

வன்னியில் அவளுடைய பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. மிதிவெடிகளின் படம். அதில் ஒன்று இதே அளவு, இதே வட்டம். ஆசிரியை பிரம்பால் தொட்டுக் காட்டி ஒவ்வொரு கிழமையும் சொல்ல வைப்பார். தெரியாத பொருளைத் தொடக்கூடாது. அசையாமல் நிற்க வேண்டும். மற்றவர்களைத் தடுக்க வேண்டும். அடையாளம் வைக்க வேண்டும். பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கொட்டில் பையன் ஒருவன் இதையெல்லாம் மறந்துவிட்டு ஒரு நாள் குனிந்தான். அதைப் பற்றி கிருபா யாரோடும் கதைப்பதில்லை.

நேசரட்ணம் சிரித்துக்கொண்டே குனிந்தார். கை கீழே போனது.

"அப்பா, தொடாதேங்கோ!"

கிருபாவின் சத்தம் அந்த வரிசை முழுவதற்கும் கேட்டது. நேசரட்ணத்தின் கை அப்படியே நின்றது. அந்த வட்டுக்கும் அவர் விரலுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு போய்விட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்தார், கீழே கிடந்ததைப் பார்த்தார், திரும்ப அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"சரி, பிள்ளை. தொடேல்லை," என்றார். "இனி என்ன செய்யோணும், சொல்லு."

"காலை மெல்லமா மேலை தூக்குங்கோ. கதிரையில வையுங்கோ. நிலத்தில வைக்கப்படாது."

அவர் ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்து, அந்த மடக்குக் கதிரையில் ஏறி நின்று தள்ளாடினார். பின்னால் இருந்தவர்களுக்கு ஆட்டம் மறைத்தது. அவர்கள் என்னவோ கத்தினார்கள். நேசரட்ணம் இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மால்டே கதிரைக்கு அடியால் புகுந்தான். அவனுக்கு அந்த வட்டு வேண்டும். கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்தான். கிருபா ஒரே பாய்ச்சலில் அவனுடைய ஜக்கெட் தொப்பியைப் பிடித்து இழுத்து, தன் மடியில் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். பொடியன் வீரிட்டு அழுதான்.

தோர்பன் எழுந்தார். இப்போது அவருடைய முறை. அவர் கிருபாவைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிள்ளையை ஏன் பிடித்து இழுக்கிறாய், ஒரு வட்டுக்காகவா என்று கேட்பதுபோல இருந்தது அவர் முகம். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். கிருபாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அவள் மால்டேயை விடவில்லை.

நேசரட்ணம் கதிரையில் நின்றபடியே டேனிஷ் மொழியில் மெதுவாகச் சொன்னார். கிருபாவுக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. 'கிரி' என்ற சொல். போர் என்று அர்த்தம். புது வகுப்பில் அவளை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியபோது ஆசிரியை அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தார்.

தோர்பனின் முகம் மாறியது. அவர் கீழே கிடந்ததைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகப் பார்த்த பொருளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு கிருபாவிடம் கையைக் காட்டி, அடுத்தது என்ன என்று சைகையால் கேட்டார்.

அடுத்தது அடையாளம். கிருபா ஒரு கையால் மால்டேயைப் பிடித்தபடியே தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி வட்டுக்கு ஒரு பக்கத்தில் வைத்தாள். மற்றப் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. தோர்பன் தன் நீலச் சால்வையைக் கழற்றி நீட்டினார். அவள் அதை நீளமாக விரித்து வைத்தாள். தோர்பன் திரும்பி பக்கத்து ஆளிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம் சொன்னார், செய்தி வரிசை வரிசையாகப் போனது. டென்மார்க்காரரிடம் ஒரு குணம் உண்டு. ஒரு கோட்டைக் காட்டிவிட்டால் போதும், அந்தப் பக்கம் போக மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சால்வையைச் சுற்றி ஒரு கதிரை அளவுக்கு இடம் வெறுமையாகிவிட்டது. கத்தியவர்களும் கத்தலை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி வேலை, பொறுப்பானவரிடம் சொல்வது. இங்கே யார் பொறுப்பானவர்? கிருபா மண்டபம் முழுவதும் தேடினாள். வாசல்காரர் சரிவர மாட்டார், அவர் டொபி தின்கிற ஆள். கீழே ஐஸில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு ஒருவர் விசில் ஊதிக்கொண்டு நின்றார். அவர் ஊதினால் அத்தனை பெரிய ஆட்களும் நிற்கிறார்கள். அவர்தான் பொறுப்பானவர் என்று கிருபாவுக்குத் தெரிந்தது. எப்படியாவது அவருடைய கண்ணில் பட வேண்டும் என்று அவள் அவரையே உற்றுப் பார்த்தாள்.

அவர் கோல் காப்பவரிடம் போனார். கோல் காப்பவரின் கையுறைக்கு அடியில் கிடந்த எதையோ எடுத்தார். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தார்.

உள்ளங்கை அளவு. வட்டம், தட்டை, கறுப்பு.

கிருபா மால்டேயை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கோடு போட்ட சட்டைக்காரர் அதைக் கீழே போட்டார். இரண்டு தடிகள் அதை 'டக்' என்று அடித்தன. அது சர்ரென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு தரம் பார்த்து நம்புகிற ஆளா கிருபா? அவள் காத்திருந்தாள். மறுபடி விசில் ஊதியது, மறுபடி அவர் எடுத்தார், போட்டார், தடிகள் அடித்தன. இந்தத் தரம் அது எங்கே போகிறது என்றும் அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு நேரமும் கண்ணில் படாத அந்தச் சின்னக் கறுப்புப் புள்ளி இப்போது நன்றாகத் தெரிந்தது. அவள் ஐஸைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள், திரும்ப ஐஸைப் பார்த்தாள்.

"அதுவும் இதுவும் ஒண்டோ?" என்று கேட்டாள்.

"ஓம், பிள்ளை. ஒண்டுதான். வெறும் ரப்பர்."

"பந்து எண்டெல்லோ சொன்னியள்."

"பந்து மாதிரி எண்டு சொன்னனான். பிழை என்னிலதான். வடிவாச் சொல்லியிருக்கோணும்."

கிருபா யோசித்தாள். ஏதோ ஒரு கணக்கு அவளுக்குச் சரிவரவில்லை. இவருக்கு இது என்னவென்று முதலே தெரியும். தெரிந்துகொண்டும் இவ்வளவு நேரம் ஒரு கதிரையின் மேல் ஏறி நின்று எல்லோரிடமும் பேச்சு வாங்கியிருக்கிறார்.

"அப்ப ஏன் எடுக்கேல்லை?"

"நீ தொடாதேங்கோ எண்டு சொன்னனீ," என்றார் நேசரட்ணம். "உனக்கு விளங்காத வரைக்கும் நான் ஏன் தொடோணும்?"

கிருபா அவரைப் பார்த்தாள். இந்தத் தரம் மீசையைத் தேடவில்லை. கதிரையில் தள்ளாடிக்கொண்டு நின்ற அந்த மனிதரை அப்படியே பார்த்தாள். கேள்வி கேட்டு நாயின் பெயரைத் தெரிந்துகொள்ளலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

அவள் மால்டேயை மடியிலிருந்து இறக்கினாள். குனிந்தாள். முதலில் ஒரு விரலால் தொட்டாள். ஐஸில் கிடந்தது அல்லவா, இன்னும் குளிர்ந்தது. பிறகு எடுத்தாள். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. ஓரத்தில் யாரோ கடித்தது போலச் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன.

"இறங்குங்கோ, அப்பா," என்று சொல்லி அதை அவர் கையில் வைத்தாள்.

அப்பா என்ற சொல் இரண்டாவது தரமாக அவர் காதில் விழுந்தது. அவர் இறங்கும்போது தடுமாறினார். தோர்பன் பிடித்துக்கொண்டார்.

தடுப்பைத் தாண்டி வரும் வட்டு அதை எடுத்தவருக்கே சொந்தம், இங்கே அதுதான் வழக்கம் என்று தோர்பன் சொன்னார். பல வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டம் பார்க்க வருகிறார்களாம். ஒரு வட்டாவது கையில் அகப்படாதா என்று நேசரட்ணம் ஒவ்வொரு தரமும் ஏங்குவாராம். ஒரு தரமும் அகப்பட்டதில்லையாம். இதை நேசரட்ணம் மொழிபெயர்க்கவில்லை, வெட்கப்பட்டார். தோர்பன் கையாலும் கண்ணாலும் நடித்துக் காட்டியதிலேயே கிருபாவுக்கு விளங்கிவிட்டது.

மால்டே அழுகையை நிறுத்திவிட்டு வட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மூக்கு வடிந்தது. அவனைத் தான் எவ்வளவு பயப்படுத்திவிட்டாள் என்பது கிருபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஒரு பெரிய அக்கா பாய்ந்து வந்து பிடித்தாள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பயந்து நடுங்குவது எப்படி இருக்கும் என்று அந்த மண்டபத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

அவள் நேசரட்ணத்தின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் கேட்டாள். "அவனுக்குக் குடுப்பமோ, அப்பா? உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம்."

நேசரட்ணம் வட்டை ஒரு தரம் கைக்குள் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அதைக் கிருபாவிடமே நீட்டினார். தோர்பன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்குள் கிருபா அதை மால்டேயின் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிவிட்டாள். பொடியன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். திரும்பப் பறித்துவிடுவாளோ என்ற சந்தேகம். அந்தப் பார்வை கிருபாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் சிரித்தான்.

இடைவேளைக்குப் பிறகு நீலச் சட்டைக்காரர் ஒரு கோல் போட்டார்கள். ஊதல் ஊதியது. கிருபா திடுக்கிட்டாள். ஆனால் கதிரைக்குக் கீழே போகவில்லை. நேசரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊதல் நின்ற பிறகும் பிடித்த கையை எடுக்க மறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். தடிமன் இன்னும் போகவில்லை. பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ நடந்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் நேரே கேட்காமல், "என்ன, ஆர் வெண்டது?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. அப்பாட்டக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கிருபா சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கும் தெரியவில்லை. கிருபா கையைப் பிடித்த அந்த ஊதலுக்குப் பிறகு அவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை.